கிணற்றுக்குத் திரும்பிய ட்ரோன்

சாமியாடி குறி சொன்னார், செத்துப்போன பெரியப்பா கனவில் வந்து வழி காட்டினார் என்று யாராவது ஆரம்பித்தால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிற ஆள் நான். என் வீட்டில் கேட்டால் சொல்வார்கள். அருப்புக்கோட்டையில் கல்யாணம், காதுகுத்து, கோயில் பொங்கல் என்று படம் எடுத்துப் பிழைக்கிறேன், எந்தெந்த நேரத்திலோ எந்தெந்தக் காட்டு வழியிலோ தனியாக பைக்கில் வந்திருக்கிறேன், ஒரு நாளும் ஒரு நிழல்கூட என்னைப் பயமுறுத்தியதில்லை. அதனால் இதைக் கேட்டுவிட்டு நீங்கள் சிரித்தால் எனக்குக் கோபம் வராது. வேறு யாராவது சொல்லி நான் கேட்டிருந்தால் நானும் சிரித்திருப்பேன். ஆனால் நடந்தது நடந்ததுதான், அதுவும் இருட்டில் இல்லை, உச்சிப்பொழுதில், ஒரு கல்யாணக் கூட்டமே பார்க்க நடந்தது.

முதலில் ட்ரோனைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் சொல்வதில் எது சாதாரணம், எது சாதாரணம் இல்லை என்று உங்களுக்குப் பிரிக்க முடியாது. மேலே பறக்கிற ட்ரோனுக்கும் என் கையில் இருக்கிற ரிமோட்டுக்கும் நடுவில் ஓடுவது ரேடியோ அலை, வீட்டில் வைஃபை ஓடுகிற அதே வகை. ஒரே சந்தில் நாலைந்து பேர் சேர்ந்து கத்தினால் நாம் கூப்பிடுவது எதிராளிக்குக் கேட்காது இல்லையா, அந்த மாதிரி செல்போன் டவர், கம்பியில்லாமல் படம் அனுப்புகிற பெட்டி, கூட்டத்தில் எல்லோர் கையிலும் இருக்கிற போன் எல்லாம் சேர்ந்தால் நான் சொல்வது ட்ரோனுக்குக் கேட்காது. பெரிய கரண்டு லைன் பக்கத்தில் போனால் அதன் திசைகாட்டியும் குழம்பும். அப்படிச் சிக்னல் அறுந்துபோனால் அது தானாகவே உயரம் ஏறி, கிளம்பிய இடத்துக்கே வந்து இறங்கிவிடும். கிளம்பும்போதே அந்த இடத்தை வானத்தில் இருக்கிற செயற்கைக்கோளை வைத்துக் குறித்துக்கொள்ளும், ரிமோட் திரையில் இருக்கிற வரைபடத்தில் அது ஒரு புள்ளியாகத் தெரியும். அந்தப் புள்ளியை நாங்கள் வீடு என்போம். வீடு நம் காலடியில் இருக்கிறதா என்று பார்க்காமல் நான் ட்ரோனை ஏற்றவே மாட்டேன். பல்லுத் தேய்க்கிற மாதிரி அது ஒரு பழக்கம்.

போன தை மாதம் திருச்சுழியைத் தாண்டி வீரசோழன் போகிற பக்கம் ஒரு கிராமத்தில் கல்யாணம். ஊர் பெயர் வேண்டாம், அந்தக் குடும்பத்துக்கு இது பிடிக்குமோ என்னவோ. வீடியோ எடுக்க அன்சாரி வந்திருந்தான், வீரசோழன்காரன், எனக்குக் கூட்டாளி, வாய்க்கு வாய் மாப்ள என்றுதான் கூப்பிடுவான். பெண் பெயர் முத்துமாரி. அருப்புக்கோட்டையில் மில் வேலைக்கு வந்துபோன இடத்தில் காரியாபட்டிப் பையன் கார்த்தியோடு பழக்கமாகி, இரண்டு வீட்டிலும் பேசி முடித்த கல்யாணம். முடித்தது என்றால் அம்மாவும் தாய்மாமனும் முடித்தது. அப்பா பெருமாள்சாமி கடைசிவரை சரி என்று சொல்லவில்லையாம். மகளோடு பேச்சுவார்த்தையை நிறுத்தி மாதக்கணக்காகிவிட்டதாம். கல்யாணத்துக்கு முந்தின நாள், நான் வரமாட்டேன், யாரையும் வைத்து நடத்திக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வயலில் இருக்கிற மோட்டார் ரூமில் போய்ப் படுத்துக்கொண்டார் என்று சமையல் பந்தலிலேயே பேசிக்கொண்டார்கள்.

காலையில் ஆள் அனுப்பிப் பார்த்தால் மோட்டார் ரூம் பூட்டிக் கிடந்ததாம். போன் போட்டால் தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்றே சொன்னதாம். தாய்மாமன் சோலைராஜ், கறுத்து உயரமான ஆள், என் பக்கத்தில் நின்றுகொண்டுதான் கடுகடு என்று பேசினார்.

"வீம்பு புடிச்ச மனுசன் தம்பி. கமுதியில அவரோட அக்கா வீட்டுல போயி உக்காந்திருப்பாரு. பஸ்ஸு ஏறிப் போனவர யாரு கூப்பிடுறது?"

பெண்ணின் அம்மா மட்டும் வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவுக வருவாக, நீங்க எடுங்க தம்பி என்று என்னிடம் இரண்டு தடவை சொன்னார், நான் ஒன்றும் கேட்காமலேயே.

கல்யாணப் படம் எடுக்கிறவனுக்கு ஒரு கஷ்டம் உண்டு, எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொள்கிற இடத்தையும் அவன் உற்றுப் பார்த்தாக வேண்டும். அந்தப் பெண்ணின் முகம் அன்றைக்கு மஞ்சள் பூசிய கல் மாதிரி இருந்தது. மணமேடையில் உட்கார்ந்தபோது, கொஞ்சம் சிரிம்மா என்றேன், எல்லோரிடமும் சொல்கிற மாதிரி. அவள் கேமராவைப் பார்த்து மெல்லச் சொன்னாள்:

"அப்பா வந்தா சிரிக்கிறேண்ணே."

அதற்கப்புறம் நான் அவளைச் சிரிக்கச் சொல்லவில்லை. சோலைராஜ் அப்பா ஸ்தானத்தில் நின்றார், கெட்டிமேளம் முழங்கியது, தாலி கட்டியாயிற்று.

சாப்பாடு முடிந்து உச்சிப்பொழுதுக்கு மாப்பிள்ளையும் பொண்ணும் கண்மாய்க் கரையில் நடந்துபோகிற மாதிரி மேலே இருந்து எடுத்துத் தரச் சொன்னார்கள். அந்த வருஷம் கண்மாயில் தண்ணீர் கிடந்தது, பார்க்க நன்றாக இருக்கும். எனக்கு இடம் அவ்வளவு திருப்தி இல்லை. ஒரு பக்கம் ஊர் ஓரத்தில் செல்போன் டவர், இன்னொரு பக்கம் கண்மாய்க்கு அப்பால் பெரிய கரண்டு லைன். பந்தலில் எல்.இ.டி. திரைக்காரர்கள் கம்பியில்லாப் பெட்டியை வேறு ஓடவிட்டிருந்தார்கள். அதனால் பந்தலை விட்டு நன்றாகத் தள்ளிப் போய், கரையடியில் வெட்டவெளியில் ட்ரோனை வைத்து, செயற்கைக்கோள் எல்லாம் கிடைத்துவிட்டதா என்று பார்த்து, வீடு காலடியில் விழுந்திருக்கிறதா என்று பார்த்துத்தான் ஏற்றினேன். அன்சாரியும் பார்த்தான். இதை இவ்வளவு விளக்கமாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

ஆரம்பத்தில் ஒரு குறையும் இல்லை. இரண்டு பேரும் கரை மேல் நடக்க, பின்னாலேயே பிள்ளைகள் ஓட, சொந்தக்காரர்கள் எல்லோரும் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கரையை ஒட்டி வந்து கூடிவிட்டார்கள். அப்போதுதான் சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. திரையில் படம் கட்டம் கட்டமாக உடைந்து, அப்படியே உறைந்து நின்றது. ரிமோட் கீச்கீச்சென்று கத்த ஆரம்பித்தது. நிமிர்ந்து பார்த்தால் ட்ரோன் நான் சொல்லாமலேயே கரண்டு லைன் பக்கமாக வழுக்கிக்கொண்டு போகிறது. அதன் இறக்கைகள் சுற்றுகிற வேகத்துக்கு ஒரு பிள்ளையின் முகத்தில் பட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். கம்பியில் மோதிக் கூட்டத்துக்குள் விழுந்தால் அந்தக் கல்யாணமும் போச்சு, நானும் போனேன். பிள்ளைகளைக் கரையை விட்டு இறக்குங்கள் என்று கத்தினேன், அன்சாரி ஓடிப்போய் விரட்டினான்.

கம்பிக்குக் கொஞ்சம் முன்னால் அது நின்றது. நின்று, நேராக மேலே ஏறியது. வீடு திரும்புகிறது என்று திரையில் எழுத்து வந்தது. எனக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது, அப்பாடா என்று வாய்விட்டே சொன்னேன். இனி அது நம் தலைக்கு மேல் வந்து இறங்கும், பேசாமல் நின்றால் போதும்.

வந்தது. தலைக்கு மேல் வந்தது, நிற்காமல் அப்படியே தாண்டிப் போனது.

ஊருக்குக் கிழக்கே விதைக்காமல் போட்ட காடு, கண்ணுக்கு எட்டிய வரைக்கும் சீமைக்கருவேலம். அதன் மேலே ரயில் தண்டவாளத்தில் போகிற மாதிரி ஒரு கோணல் இல்லாமல் நேராகப் போய், புள்ளியாகி, சத்தமும் அடங்கிப்போனது. நான் ரத்து பண்ணுகிற பொத்தானை அமுக்கி அமுக்கிப் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை. அப்புறம்தான் வரைபடத்தைப் பார்த்தேன். வீட்டைக் குறிக்கிற புள்ளி எங்கள் காலடியில் இல்லை. அந்தக் கருவேலக் காட்டுக்கு நட்டநடுவில் இருந்தது.

"மாப்ள, நம்ம பாத்துத்தானே ஏத்துனோம்," என்றான் அன்சாரி. அவன் குரலே ஒரு மாதிரியாக இருந்தது.

தொலைந்த ட்ரோனைத் தேடித்தானே ஆக வேண்டும். நானும் அன்சாரியும் கிளம்ப, அந்தப் பக்கம் பாழுங்கிணறு கிடக்கிறது, தெரியாத ஆட்கள் போகக் கூடாது என்று சோலைராஜ் ஒரு அரிவாளை எடுத்துக்கொண்டு முன்னால் வந்தார். முள்ளை வெட்டி ஒதுக்கிக்கொண்டே போனோம். பின்னால் பந்தலில் குழாய் ரேடியோ பாட்டு காதைப் பிளந்தது, உள்ளே போகப் போகவும் அது விட்டபாடில்லை. பாதி வழிக்கு மேல் போயிருப்போம், என் கையில் இருந்த திரையில் படம் உயிர் பெற்றது.

ட்ரோன் ஒரே இடத்தில் அசையாமல் நின்றுகொண்டிருந்தது. கேமரா நேர் கீழே பார்த்துக்கொண்டிருந்தது. கண்மாயில் நான் அதை முன்பக்கம் பார்க்கத்தான் வைத்திருந்தேன், கீழே திருப்பவே இல்லை. படத்தில் ஒரு பெரிய கறுப்பு வட்டம், அதற்குள் ஓரமாக ஏதோ வெள்ளையாகத் தெரிந்தது. கொக்கு என்று நினைத்தேன். அந்த வெள்ளை அசைந்தது, அதிலிருந்து ஒரு கை மேலே வந்தது.

சோலைராஜிடம் திரையைக் காட்டினேன். அவர் முள்ளைப் பார்க்காமல் ஓட ஆரம்பித்தார்.

கைப்பிடிச் சுவர் இல்லாத பழைய கிணறு. ஒரு பக்கக் கரை புதிதாகச் சரிந்து கிடந்தது, மழையில் ஊறிய மண். ட்ரோன் கிணற்று வாய்க்குச் சற்று மேலே நின்றுகொண்டிருந்தது. கீழே தரை இல்லை என்று தெரிந்தால் அது இறங்காது, அப்படித்தான் செய்திருக்கிறார்கள், அது ஆச்சரியம் இல்லை. பேட்டரி தீரப்போகிறது என்று ரிமோட் கத்திக்கொண்டிருந்தது. நான் அதை ஓரமாக இழுத்துக் கையில் பிடிப்பதற்குள் சோலைராஜ் குப்புறப் படுத்து உள்ளே எட்டிப் பார்த்துவிட்டார்.

உள்ளே பாதி இடிந்த ஒரு கல்படியில் பெருமாள்சாமி சாய்ந்து கிடந்தார். ஒரு கால் கோணலாகத் திரும்பியிருந்தது. காலுக்குக் கீழே கறுப்பாகத் தண்ணீர். கண் அயர்ந்து கொஞ்சம் சரிந்திருந்தாலும் தண்ணீருக்குள் போயிருப்பார். கத்திக் கத்தித் தொண்டை போய்விட்டது, காற்றாகத்தான் பேச்சு வந்தது. அந்த நிலையில் அவர் கேட்ட முதல் வார்த்தை இதுதான்:

"கெட்டிமேளம் கேட்டுச்சு மாப்ள. தாலி கட்டியாச்சுல்ல?"

"கட்டியாச்சு மச்சான்," என்றார் சோலைராஜ். காலையிலிருந்து அந்த மனுஷனைத் திட்டித் தீர்த்த வாய்.

அன்சாரி ஊருக்குள் ஓடிச் சொல்ல, பந்தலே எழுந்து வந்தது. கயிறும் கயிற்றுக் கட்டிலும் கொண்டுவந்தார்கள். தீயணைப்பு வண்டிக்குச் சொல்லியிருக்கிறது, வரட்டும் என்று நாலு பேர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மாப்பிள்ளைப் பையன் கார்த்தி பட்டு வேட்டியை மடித்துக் கட்டி, இடுப்பில் கயிற்றைச் சுற்றிக்கொண்டு இறங்கிவிட்டான். யாரும் அவனைக் கேட்கவில்லை, அவனும் யாரையும் கேட்கவில்லை. மாமனாரும் மருமகனும் அதுவரைக்கும் ஒரு வார்த்தை பேசியது கிடையாதாம். உள்ளே என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது. கட்டில் மேலே வந்தபோது பெருமாள்சாமியின் கை அந்தப் பையனின் தோளைப் பிடித்தபடி இருந்தது.

அவர் உடுத்தியிருந்தது புதுக் கரைவேட்டி. மகள் முதல் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்து, அவர் பிரிக்காமலேயே வைத்திருந்த வேட்டியாம். விடிகிறதற்குள் மோட்டார் போட்டுக் குளித்து, அதை உடுத்திக்கொண்டு கிளம்பியிருக்கிறார். ரோட்டு வழியாக வந்தால் நாலு பேர் பார்த்து, வரமாட்டேன் என்றவர் வந்துவிட்டார் என்று கேலி பேசுவார்கள் என்று காட்டுக்குள் குறுக்கே விழுந்து, கோயிலுக்குப் பின்பக்கமாக வந்து கூட்டத்தோடு நின்றுகொள்ளலாம் என்று நினைத்திருக்கிறார்.

முத்துமாரி மாலையோடு ஓடிவந்தாள். முள் கிழித்துக் காலெல்லாம் ரத்தம். கட்டில் பக்கத்தில் வந்ததும் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

"வந்துக்கிட்டுத்தான் இருந்தேன் தாயி," என்றார் அவர். "வழியில விழுந்துட்டேன்."

அவள் அழுதுகொண்டே சிரித்தாள். என் கழுத்தில் கேமரா தொங்கியது. நான் எடுக்கவில்லை, எடுக்கத் தோன்றவில்லை.

ஆம்புலன்ஸில் அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், மாலையோடு மாப்பிள்ளையும் பொண்ணும் கூடவே. கால் எலும்பு முறிவு, மற்றபடி ஆபத்து இல்லை என்று சாயங்காலம் சோலைராஜ் போன் பண்ணிச் சொன்னார். அன்றைக்கு நான் தூங்கிய மாதிரி நிம்மதியாக என்றைக்குத் தூங்கினேன் என்று தெரியாது. ஒரு பிள்ளைக்கும் ஒரு கீறல் விழவில்லை, ஒரு மனுஷன் பிழைத்தான், வேறென்ன வேண்டும்.

மதுரையில் ட்ரோன் பழுது பார்க்கிற ஒரு நண்பர் இருக்கிறார், அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவே இல்லை. டவர், கம்பியில்லாப் பெட்டி, அத்தனை போன், சிக்னல் அறுந்ததில் வியப்பு என்ன என்றார். அந்த மாதிரிக் குழப்பத்தில் வீட்டுப் புள்ளி இடம் மாறுவதும் அபூர்வமாக நடக்குமாம், கேமரா தானாகக் கீழே திரும்புவதும் நடக்குமாம். அது சரியாகக் கிணற்றுக்கு மேல் போய் நின்றது மட்டும் சும்மா அமைந்தது, அதற்கு யாரும் காரணம் சொல்ல முடியாது என்றார். எனக்கும் அதுவே சரியென்று பட்டது. பங்குனியில் அன்சாரியைக் கூட்டிக்கொண்டு போய் அதே கரையடியில் நின்று பறக்கவிட்டும் பார்த்தேன். சிக்னல் அறுந்தது, ஒவ்வொரு தடவையும் ட்ரோன் ஒழுங்காக என் காலடிக்கே வந்து இறங்கியது. சரி, முடிந்தது என்று மனசு லேசாகிவிட்டது.

அந்த வழியிலேயே ஆல்பத்தைக் கொடுக்கப் பெருமாள்சாமி வீட்டுக்குப் போனோம். கம்பு ஊன்றி நடக்க ஆரம்பித்திருந்தார். மகளும் மருமகனும் வாரம் தவறாமல் வந்துபோகிறார்கள் என்று அவருடைய சம்சாரம் காபி கொடுத்துக்கொண்டே சொன்னார். பேச்சோடு பேச்சாக, ட்ரோன் அன்றைக்கு வழி தவறித்தான் அங்கே வந்தது என்று நான் சொன்னேன். பெருமாள்சாமி இல்லையென்று தலையை ஆட்டினார்.

"என்ன தம்பி இப்படிச் சொல்றீக. காலையிலயே வந்துச்சே."

எப்போது என்று கேட்டேன். விழுந்த கொஞ்ச நேரத்திலேயே, கிழக்கு வெளுக்கிறதற்கு முன்னால் என்றார். வலியில் கண்ணைச் செருகிக்கொண்டு வந்ததாம், இனி முடியாது, தண்ணீருக்குள் போய்விடலாம் என்று இருந்ததாம். அப்போது மேலே தேனீக் கூட்டம் மாதிரி சத்தம் கேட்டு அண்ணாந்து பார்த்தாராம். விளக்கு வைத்த ஒரு சாமான் கிணற்று வாயில் நின்றுகொண்டு அவரையே பார்த்ததாம். நன்றாக விடிகிற வரைக்கும் நின்றுவிட்டுப் போனதாம்.

"சரி, நம்மளப் பாத்துருச்சு, போயி ஆளக் கூட்டியாரும்னு நெனச்சுக்கிட்டேன். அந்தத் தெம்புலதான் கண்ண மூடாம இருந்தேன்."

அந்த நேரத்தில் நாங்கள் அருப்புக்கோட்டையை விட்டுக் கிளம்பவே இல்லை. ட்ரோன் பெட்டிக்குள் இருந்தது, அதன் பேட்டரி எங்கள் வீட்டு அடுப்படியில் சார்ஜில் கிடந்தது, என் மனைவிதான் கழற்றி எடுத்துக் கொடுத்தாள். அந்தச் சுற்றுவட்டாரத்தில் வேறு யாரிடமும் ட்ரோன் இல்லை, விசாரித்துவிட்டேன். வலி மயக்கத்தில் மத்தியானம் பார்த்ததைக் காலையில் பார்த்த மாதிரி மனசு மாற்றி வைத்துக்கொண்டிருக்கும் என்று அன்சாரி பார்வையாலேயே எனக்குச் சொன்னான். நானும் அப்படியே எடுத்துக்கொண்டு எழுந்திருப்பேன். வாசல் வரை வந்து வழியனுப்பியவர் இன்னொன்றையும் சொன்னார்.

"மிசின ரிப்பேரு பாருங்க தம்பி. நாலு வெளக்குல மூணுதான் எரிஞ்சுச்சு."

கிணற்றோரத்தில் ட்ரோனை நான் கையில் பிடித்த நேரம் அதன் நாலு மூலையில் ஒன்று கருவேலங்கிளையில் இடித்து, அந்த மூலை விளக்கு அணைந்துபோனது உண்மைதான். ஆனால் அப்போது அவர் கிணற்றுக்குள் இருந்தார், அதைப் பார்த்திருக்க வழியே இல்லை, அதற்கப்புறமும் அந்த ட்ரோன் அவர் கண்ணில் படவில்லை. நான் யாரிடமும் சொன்னதும் இல்லை. அன்றைக்குக் காலையில் பெண் அழைப்புக்கு நான் ட்ரோனை ஏற்றுவதை அன்சாரி எடுத்த வீடியோ இருக்கிறது, அதில் நாலு விளக்கும் பளிச்சென்று எரிகிறது. அதற்கும் முன்னால், விடிகிறதற்கு முன்னால், அவர் பார்த்ததில் மூன்று, மத்தியானம் அணையப்போகிற விளக்கு அப்போதே அணைந்திருக்கிறது.

மதுரைக்கு அனுப்பினால் ஒரே நாளில் மாற்றிக் கொடுத்துவிடுவார்கள். நான் இன்னும் அனுப்பவில்லை.